சாரலில் நின்ற சேவல்

மேல்தோட்டம் எஸ்டேட், போடிமெட்டு
18.11.24

அத்தைக்கு,

வணக்கம். நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் இருக்கிறேன்.

சுஜிதா வளர்த்த கோழிகளை இதுவரை பக்கத்து வீட்டு மொக்கம்மாள்தான் பார்த்துக்கொண்டார். மகளுக்குப் பிரசவம் என்று நேற்று கீழே இறங்கிவிட்டார். தை முடிந்துதான் வருவாராம். மூன்று பெட்டை, ஒரு சேவல். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் மிஷின்கள் நிற்காமல் ஓடும் மாதம் இது. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. ஞாயிற்றுக்கிழமை தௌபீக்கின் ஜீப்பில் நான்கையும் அனுப்பிவிடுகிறேன். நீங்கள் வைத்துக்கொள்ளலாம். யாருக்காவது கொடுத்தாலும் சரி.

போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, இங்கே டவரும் இல்லை. அதனால் எழுதுகிறேன். விடியற்காலையில் உங்கள் ஊரில் ஆளேற்றித்தான் தௌபீக் மேலே வருகிறார். பதிலை அவரிடமே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
விஜயபாண்டி


ராசிங்காபுரம்
கார்த்திகை 6

மாப்பிள்ளைக்கு அத்தை ஜக்கம்மாள் எழுதுறது. உங்க மாமாவுக்கு முழங்கால், எனக்குக் காது, மத்தபடி வீட்டுல குறையில்ல. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? என்ன சமைக்கிறீங்க? அதை எழுதலையே.

கோழியை அனுப்பாதீங்க. அந்தக் கருப்பு வால் சேவல் நம்மூர்க் கருப்பசாமிக்குச் சுஜிதா நேர்ந்துவிட்டது. உங்ககிட்டச் சொல்லியிருப்பான்னு நினைச்சேன். போன கார்த்திகையில உடம்புக்கு முடியாம இங்க வந்து கிடந்தாள்ல, அப்ப பஞ்சாரக் கூடைக்குள்ள கிடந்த குஞ்சை எடுத்துச் சாமி பேரைச் சொல்லி விட்டா. தன் வீட்டுலதான் இது வளரணும்னு உங்க கையில குடுத்து மேல அனுப்புனதும் அவதான். போன மாசி சிவராத்திரிக்கு அவளே இல்ல. வருசத் திதி கழியாம நீங்க கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. அதனாலதான் சேவல் இன்னும் நிக்குது. வர்ற சிவராத்திரி வரைக்கும் அது உசுரோட இருக்கணும், உங்க வீட்டுலயே இருக்கணும். பெட்டைக இல்லன்னா சேவல் காடு ஏறிப் போயிரும், அதனால அதுகளும் இருக்கட்டும்.

ஆமா, கோழிக்குக் குளிருமா? அதுக்குத்தான் றெக்கை இருக்கே. பாத்துச் சொல்லுங்க.

உங்க நல்லதையே நினைக்கிற
அத்தை


மேல்தோட்டம்
30.11.24

அத்தைக்கு,

கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. சோறு வைத்தேன். மாமா மாடிப்படி ஏறாமல் இருந்தால் நல்லது.

சேவல் சங்கதி எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் சொல்லவில்லை. கோழிகள் இங்கேயே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பிழைக்க வேண்டும் என்று அவள் நேர்ந்திருந்தால் அது நடக்கவில்லை. நடக்காததற்கு எதற்குச் சேவல்?

கோழிக்குக் குளிருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியவில்லை. விடியற்காலையில் எட்டு டிகிரி. பெட்டைகள் இறகை உப்பவைத்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. முட்டை நின்றுவிட்டது.

விஜயபாண்டி


ராசிங்காபுரம்
கார்த்திகை 24

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறது. இங்க மழை விட்டு வெயில் அடிக்குது, நாங்க தெம்பா இருக்கோம். சோறு வச்சேன்னு எழுதியிருக்கீங்க. தொட்டுக்க என்ன?

நீங்க கேட்டதை நாலஞ்சு தரம் வாசிச்சேன். தான் பிழைக்கணும்னு அவ நேர்ந்துக்கல. வேற ஒண்ணுக்கு. அது எனக்குத் தெரியும், எங்கிட்ட மட்டும்தான் சொன்னா. நடக்கிறதுக்கு முன்னால வாயை விட்டா வேண்டுதல் பலிக்காது, அது எங்க வீட்டு வழக்கம். நடந்துச்சுன்னா சேவல் சாமிக்கு. நடக்கலன்னா சேவல் உங்களுக்கு, நான் கேக்க மாட்டேன்.

முட்டை ஏன் நின்னுச்சு? பக்கத்து வீட்டுக் கோழி இங்க விடாம இடுதே. மூணு பெட்டையும் ஒட்டி உக்காருதுன்னா சேவல் எங்க உக்காரும்?

ராத்திரியில போர்த்திக்கிட்டுத் தூங்குங்க.

அத்தை


மேல்தோட்டம்
15.12.24

அத்தைக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு லேசாகச் சளி, மருந்து சாப்பிட்டுவிட்டேன்.

உங்கள் கேள்விக்காகப் பார்த்தேன். சேவல் பெட்டைகளுக்கு நடுவில் உட்காருவதில்லை. கதவை ஒட்டி, காற்று வரும் பக்கம் உட்காருகிறது. பெட்டைகள் பழைய இறகை உதிர்த்துப் புதிதாக முளைக்கவைக்கின்றன. தின்பதெல்லாம் இறகுக்கே போனால் முட்டைக்கு என்ன மிஞ்சும்? அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

குளிருக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். கூட்டைச் சுற்றிலும், கூரையோடு சேர்த்து, இடைவெளியே இல்லாமல் பாலிதீன் தாள் அடித்து ஒட்டிவிட்டேன். உள்ளே ஒரு குண்டு பல்பு. பழைய டிரையரிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட் அதை அணைத்து எரியவைக்கும். வெளியே எட்டு டிகிரி, உள்ளே பதினாறு. கணக்கு சரியாக வந்தது. தௌபீக் வந்து பார்த்துவிட்டு, "கோழிக்கு ஹீட்டர் போட்ட ஒரே ஆளு நீங்கதாண்ணே. அடுத்து கம்பளிச் சட்டையா?" என்று கேட்டார்.

இன்னொன்று. இங்கே சாரல் விழுந்தால் பெட்டைகள் உதறிக்கொண்டே உள்ளே ஓடிவருகின்றன. சேவல் மட்டும் வெளியிலேயே நிற்கிறது. முதுகில் தண்ணீர் உருண்டு ஓடுகிறது. உதறுவதுகூட இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

விஜயபாண்டி


மேல்தோட்டம்
26.12.24

அத்தைக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? தௌபீக்கிடம் விசாரித்தேன், வாசலில் உங்களைப் பார்த்ததாகச் சொன்னார்.

சேவலுக்குக் குரல் போய்விட்டது. கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறது, காற்றுதான் வருகிறது. கண்ணில் நுரை. மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம். பெட்டைகள் தும்முகின்றன. சூடு போதவில்லையோ என்று உள்ளே இருபது டிகிரி வைத்தேன். இன்னும் மோசமானது. போடியில் கால்நடை டாக்டரிடம் கேட்டுத் தௌபீக் மருந்து வாங்கிவந்தார். தண்ணீரில் கலந்து கொடுக்கிறேன்.

கீழே பரப்பிய வைக்கோல் சொதசொதவென்று இருக்கிறது. ஒரு சொட்டு மழை உள்ளே போகாது, அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறேன்.

மாசி வரை நிற்குமா என்று சொல்ல முடியவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

விஜயபாண்டி


ராசிங்காபுரம்
மார்கழி 17

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறது. எனக்கு ஒண்ணுமில்ல, கவலைப்படாதீங்க. மொச்சை பறிக்கிற சோலி இருந்துச்சு. அது மட்டும் இல்ல. உங்க லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு என்ன எழுதுறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்.

உங்க மாமா, "அதே நிறத்துல சந்தையில ஒண்ணு பிடிச்சாப் போச்சு, சாமி என்ன மச்சமா பாக்கப் போகுது?"ங்கறாரு. எனக்குக் கேக்கணும்னு தெருவே திரும்பிப் பாக்கிற மாதிரி சத்தமாச் சொன்னாரு. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன். வேற சேவல் ஆகாது. இது செத்துச்சுன்னா அதோட போகட்டும், உங்க மேல ஒரு குத்தமும் இல்ல.

ஆனா மாப்பிள்ளை, நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். மழை உள்ள போகலன்னா அந்த ஈரம் எங்கருந்து வந்துச்சு?

கஞ்சியாவது சூடாக் குடிங்க.

அத்தை


மேல்தோட்டம்
7.1.25

அத்தைக்கு,

உங்கள் இருவரின் உடல்நிலை பற்றி எழுதுங்கள். எனக்குச் சளி விட்டது. நேற்றுத் தக்காளி ரசம் வைத்து, சுட்ட அப்பளத்தோடு சாப்பிட்டேன்.

ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்வி இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் ஸ்டோரில் பச்சைக்காய் லோடு ஏற்றி, சூடு ஏறியதும் வழக்கம்போல மேல் ஜன்னலைத் திறந்தேன். முகத்தில் ஆவி அடித்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

காய்க்குள் இருக்கும் தண்ணீர் சூட்டில் ஆவியாகும். அதை வெளியே விடாவிட்டால் திரும்பக் காயிலேயே படிந்து, வேகவைத்த மாதிரி நிறம் கெட்டுவிடும். முதல் சில மணி நேரம் மேல் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும் என்று வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லிக்கொடுப்பவன் நான்தான். கோழியின் மூச்சிலும் தண்ணீர்தான் இருக்கிறது, எச்சத்திலும் தண்ணீர்தான். அதெல்லாம் போவதற்கு ஒரு துளைகூட இல்லாமல் மூடி, மேலும் மேலும் சூடேற்றினேன். ஏலக்காய்க்கு வைக்கும் ஜன்னலைக் கோழிக்கு வைக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் கூட்டை மொத்தமாகப் பிரித்தேன். தாளின் உட்புறமெல்லாம் முத்து முத்தாக நீர். கூரைக்குக் கீழே நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, கோழி உட்காரும் உயரத்துக்கு மட்டும் தாளை அடித்தேன். பல்பை எடுத்துவிட்டேன். புது வைக்கோல். இப்போது உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே குளிர், ஆனால் வைக்கோல் காய்ந்திருக்கிறது. தும்மல் இல்லை. அப்படியானால் குளிர் அவற்றை ஒன்றும் செய்யவில்லை, ஈரம்தான் செய்திருக்கிறது. நீங்கள் கேட்டது சரி, றெக்கை போதும். சேவலுக்கு மட்டும் குரல் இன்னும் வரவில்லை.

வீட்டு ஜன்னல்களையும் திறந்தேன். ரொம்ப நாளாகத் திறக்கவில்லை.

திதிக்கு முதல் நாளே வந்துவிடுகிறேன்.

விஜயபாண்டி


ராசிங்காபுரம்
தை 12

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறது. பத்திரமா மேல போய்ச் சேந்தீங்கன்னு தௌபீக் சொன்னாப்ல. இங்க சுகந்தான்.

திதி அன்னைக்கு உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச முடியல. வந்த சனம் போகவே சாயங்காலம் ஆயிருச்சு. சாப்பிட்டு எந்திரிச்ச கையோட, சத்தம் வருதுன்னு எங்க கிரைண்டரைக் கவுத்துப் போட்டுப் பிரிச்சீங்க. வெள்ளை வேட்டியெல்லாம் கிரீஸு. உங்க மாமா, "திதிக்கு வந்த மனுசன் இன்னைக்கா இதைச் செய்யணும்"னு எந்திரிச்சாரு. நான் அவரு கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். அடுப்படி நிலையில நின்னு நீங்க ஒவ்வொண்ணாக் கழட்டி வெளிச்சத்துல தூக்கிப் பாக்கிறதையே பாத்துக்கிட்டிருந்தேன்.

இப்ப சத்தமே இல்லாம ஓடுதாம். எனக்கு முன்னாலயும் கேக்கல, இப்பவும் கேக்கல.

சேவல் கூவுச்சா?

அத்தை


மேல்தோட்டம்
4.2.25

அத்தைக்கு,

இங்கே குளிர் கொஞ்சம் விட்டிருக்கிறது. மாமாவுக்கு வலி எப்படி? நேற்று முட்டைக் குழம்பு வைத்தேன். முட்டை நம்முடையது. ஒரு பெட்டை மறுபடி இட ஆரம்பித்திருக்கிறது.

சேவல் கூவியது. முதலில் பாதிதான் வந்தது, நடுவில் உடைந்தது. அடுத்த நாள் முழுதாகக் கூவியது. எஸ்டேட் லைன் வீட்டு ஆட்கள் எல்லாரும் காலையில் என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தௌபீக் ஜீப்பை நிறுத்தி, "என்னண்ணே, ஹாரன் ரிப்பேர் பண்ணியாச்சா?" என்றார். ஸ்டோரிலிருந்து வந்தால் வாசற்படி வரை கூடவே நடந்துவருகிறது. நான் நின்றால் அதுவும் நிற்கிறது.

சிவராத்திரி நெருங்குகிறது. மாமா சொன்னபடி வேறு சேவல் வாங்கினால் என்ன? நல்லதாக நானே பார்த்து வாங்குகிறேன். அவள் நேர்ந்தது நடந்துவிட்டதா? இல்லை என்று நீங்கள் எழுதினால் எனக்கு நிம்மதி. எதற்கு நேர்ந்தாள் என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை. இனியாவது சொல்லுங்கள்.

விஜயபாண்டி


ராசிங்காபுரம்
மாசி 3

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறது. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். முட்டைக் குழம்புன்னு வாசிச்சதும் உங்க மாமாகிட்டச் சத்தமா வாசிச்சுக் காட்டுனேன்.

இனிமே சொல்லலாம். அவ சொன்னது அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கு. அப்ப அவ வாயைப் பாத்துத்தான் எனக்குப் பேச்சுப் புரியும், அதனால மறக்கல.

"எம்மா, அவருக்கு எதைப் பாத்தாலும் ஏன்னு கேக்கணும், பிரிச்சுப் பாக்கணும். கல்யாணமான புதுசுல என் மிக்ஸியையே விட்டு வைக்கல. எனக்கு நோவு வந்ததுலருந்து ஒண்ணையும் தொடல. ஆஸ்பத்திரியில தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஆடுது, அண்ணாந்துகூடப் பாக்கல. நான் போனப்புறம் அந்த மனுசன் மறுபடியும் ஒரு தடவை ஏன்னு கேட்டாப் போதும். சாமிக்கு இந்தக் குஞ்சைச் சேவலா வளத்துத் தர்றேன்."

நீங்க பிரிக்கிறதை நிறுத்துனதே எங்களுக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரிஞ்சிருக்கு.

அதனாலதான் கோழியைப் பத்தி நோண்டி நோண்டிக் கேட்டேன். எனக்கும் தெரிஞ்சுக்க ஆசைதான், இல்லன்னு சொல்லல. சாரல்ல சேவல் ஏன் உதறலன்னு எழுதுனீங்க பாருங்க, அப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. அவசரப்படக் கூடாதுன்னு இருந்தேன். கிரைண்டரைப் பிரிச்ச அன்னைக்குச் சந்தேகம் தீந்துருச்சு.

நடந்துருச்சு மாப்பிள்ளை. வேற சேவல் ஆகாது. அதையே கொண்டாங்க.

அத்தை


மேல்தோட்டம்
2.3.25

அத்தைக்கு,

ஜீப்பு கிளம்பும்போது கையாட்டி, என்ன நடந்தது என்று எழுதச் சொன்னீர்கள். நலமாகத்தான் இருக்கிறேன். உங்கள் கைக் கறிக்குழம்பை மறுநாளும் சுடவைத்துச் சாப்பிட்டேன்.

பெண்கள் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டதால் நீங்கள் பார்த்திருக்க முடியாது. சிவராத்திரி முடிந்த காலையில் வரிசையாகக் கூப்பிட்டார்கள். நமக்கு முன்னால் நாலைந்து சேவல். பூசாரி முத்துக்கண்ணன் மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார், சேவல் உடம்பைச் சிலுப்பும், சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் கத்தியைத் தொட மாட்டார்களாம். எல்லாச் சேவலும் தண்ணீர் பட்ட உடனே சிலுப்பின.

நம்முடையதைக் கீழே விட்டேன். தெளித்தார். நின்றது. மறுபடி தெளித்தார். தண்ணீர் முதுகில் உருண்டு ஓடியது. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. மாமா, "நல்லாத் தெளிங்க சாமி" என்றார். பூசாரி செம்போடு ஊற்றினார். பின்னாலிருந்து ஒருவர், "குளிர்ல வளந்த மெட்டுச் சேவலாச்சே, வெந்நி போட்டு ஊத்துங்கப்பா" என்றார், எல்லாரும் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு சேவலை எடுத்து என் கையில் கொடுத்து, "கருப்பு உத்தரவு குடுக்கல. நேந்தவுக கடன் தீந்துச்சு, சேவல் அவுக வீட்டுக்குத்தான். கொண்டு போப்பா" என்றார்.

சிலுப்பாது என்று எனக்கு முன்பே தெரியும். மூன்று மாதமாகச் சாரலில் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சாரலில் நின்று பழகிய சேவலுக்கு ஒரு செம்புத் தண்ணீர் என்ன செய்யும் என்று ஜீப்பில் வரும்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அது சரியாக வரவில்லை, அத்தை. பெட்டைகளும் அதே சாரலில்தான் வளர்ந்தன. அவை இன்றைக்கும் ஒரு சொட்டு விழுந்தால் உதறிக்கொண்டு ஓடுகின்றன. இது மட்டும் ஏன்? இறகில் எண்ணெய் கூடுதலோ என்று தடவிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

இப்போது வாசலில்தான் நிற்கிறது.

விஜயபாண்டி


ராசிங்காபுரம்
மாசி 25

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுறது. வெயில் ஏறிருச்சு, வேப்ப மரம் தளிர் விட்டுருக்கு, நாங்க சுகம். அங்க குளிர் போனாலும் கூட்டு மேல விட்ட இடைவெளியை அடைச்சிராதீங்க.

உங்க லெட்டரை வாசிச்சுட்டு அடுப்பை அணைச்சு வச்சுட்டு உக்காந்துட்டேன். நீங்க கேட்டதுக்குப் பதில் எங்கிட்ட இருக்கு. இவ்வளவு நாளா அது ஒரு சங்கதின்னே எனக்குத் தோணல.

முந்தின வருசக் கார்த்திகையில இங்க கிடந்தாளே, அப்ப தினமும் காலையில மூஞ்சியக் கழுவிட்டு, ஈரக் கையோட வந்து பஞ்சாரத்தைத் தூக்குவா. அந்த ஒத்தைக் குஞ்சை மட்டும் எடுத்து மடியில வச்சுக்கிட்டு, விரல்ல இருக்கிற தண்ணியை அது மேல சொட்டு விடுவா. குஞ்சு சிலுப்பும். மறுபடியும் விடுவா. அது சிலுப்புறதை நிறுத்துற வரைக்கும் விட மாட்டா. அப்புறம் சேலையில துடைச்சு, வெயில்ல விட்டுருவா. ஒரு நாள் தப்பல.

நோவுல கிடக்கிற பிள்ளை விளையாடுதுன்னு நினைச்சேன். ஒரு நாள் மட்டும் ஏசினேன், "குஞ்சு வெறைச்சுச் செத்துப்போகும்டி, ஏன்டி இப்படிப் பண்ற?"ன்னு.

அவ என் பக்கம் திரும்பி, நான் வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கணும்னு மெதுவாச் சொன்னா.

"பழகட்டும்மா."

அத்தை